தர்மராஜின் இரண்டாவது கோடு

ஊசிக்குப் பயந்து ஓடும் ஆம்பளைகளை வரிசையில் நிறுத்த ஷபானா கண்டுபிடித்திருந்த ஒரே வழி, தர்மராஜின் விரல்.

கடலோரக் குப்பங்களுக்குப் போகும் ரத்தப் பரிசோதனை வேனுக்கு அவன் டிரைவர். ஷபானா அதில் லேப் டெக்னீஷியன். ஆளுயர அலையைத் தாண்டிக் கடலுக்குப் போகிறவன்கூட விரல் நுனியில் ஒரு குத்து என்றால் நழுவப் பார்ப்பான். அதனால் வேன் நின்றதும் முதல் வேலை, தர்மராஜ் ஸ்டூலைப் போட்டு எல்லார் கண்ணெதிரிலும் உட்காருவது. ஆறடி உயரம். காதிலிருந்து வாயோரம் வரை இறங்கிய தழும்பு. வலது முன்கையில் சிறகு விரித்த கழுகுப் பச்சை. அப்பேர்ப்பட்ட உருப்படி விரலை நீட்டிக்கொண்டு பல்லைக் காட்டுவதைப் பார்த்தால் எவனுக்கும் கொஞ்சம் ரோஷம் வரத்தான் செய்யும்.

"பாத்துக்கோங்கபா. கொசு கடிச்ச மாதிரிகூட இல்ல" என்பான்.

ஒரு சொட்டு ரத்தம், அதன்மேல் இரண்டு சொட்டு மருந்துத் தண்ணி, இருபது நிமிஷம். அவ்வளவுதான் பரிசோதனை. சுண்டுவிரல் அகலத்தில் ஒரு காகிதப் பட்டை. ஒரு டீயும் பன்னும் சாப்பிடுகிற காசுதான் அதன் விலை. மேலே ஒரு கோடு விழுந்தால் பட்டை ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். கீழே இரண்டாவது கோடும் விழுந்தால் ரத்தத்தில் சங்கதி இருக்கிறது. ஊர்க்காரர்களின் பட்டைகளை ஷபானா வேனுக்குள் மறைவாக வைத்துத்தான் பார்ப்பாள். தர்மராஜின் பட்டை மட்டும் வெளியே, வேனின் முன்பக்கத்து மூக்கின் மேல், வெயிலில் கிடக்கும். டெங்குவுக்கும் எலிக்காய்ச்சலுக்குமாக மூன்று வருஷத்தில் அவன் எத்தனையோ பட்டைகளுக்கு ரத்தம் கொடுத்துவிட்டான். எல்லாவற்றிலும் ஒற்றைக் கோடுதான்.

அவனுக்கு அதில் பெருமை. பெருமைப்பட அவனிடம் வேறு எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் நெல் விவசாயக் குடும்பம். அவன் மீசை முளைத்தபோது கடற்கரைச் சாலையோரம் சவுக்குத் தோப்பெல்லாம் மனையாகிக்கொண்டிருந்தது. வேலிக்கல்லை நடுவதற்கு ஒரு கூட்டம், பிடுங்குவதற்கு ஒரு கூட்டம் என்று தரகர்கள் ஆள் தேடினார்கள். தர்மராஜ் இரண்டுக்கும் போனான். கல் நட வந்தவனின் முழங்காலைக் கடப்பாரையால் உடைத்திருக்கிறான். வயதான ஒரு மனிதரை அவருடைய கிணற்றுக்குள்ளேயே தள்ளி, கையெழுத்துப் போடச் சம்மதித்த பிறகு தூக்கியிருக்கிறான். நல்ல பிள்ளைதான், சேர்க்கை சரியில்லை என்று அவனுடைய அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அது பொய். அடிப்பது அவனுக்குப் பிடித்திருந்தது.

அந்தக் காலத்தில் அவனுக்குக் கூட்டாளி திருவிடந்தைக் கலைவாணன். ஒரே வண்டி, ஒரே தட்டு, ஒரே வழக்கு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் திருவிடந்தையில் ஒரே தோப்புக்கு இரண்டு தரகர்கள் உரிமை கொண்டாட, ஆளுக்கொரு பக்கம் விலைபோனார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, சவுக்கு மரத்தடியில், கலைவாணன்தான் முதலில் கத்தியை எடுத்தான். தர்மராஜ் தடுக்கப் போய் அதன் அலகைப் பிடித்தான். உள்ளங்கை எலும்பு தெரியப் பிளந்தது. அந்தக் கத்தியையே பிடுங்கி, தன் ரத்தம் சொட்டச் சொட்ட, கலைவாணனின் விலாவுக்குக் கீழே இறக்கி ஒரு திருகு திருகினான். கலைவாணன் பிழைத்தது டாக்டர்களுக்கே ஆச்சரியம். ஆனால் அதற்கப்புறம் அவனால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

நாலு வருஷம் ஜெயில். வெளியே வந்த வாரம் பௌர்ணமி. தர்மராஜ் வேதகிரி மலையைச் சுற்றி வந்து, இனிமேல் கத்தியைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தான். சத்தியம் மறக்காமலிருக்க, சாலையோரம் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தவனிடம் கழுகு குத்திக்கொண்டான். அவனுக்கு முன்னால் முப்பது பேர் நின்றார்கள், ஒரே ஊசி. அந்தச் சத்தியத்தை எட்டு வருஷமாகக் காப்பாற்றினான். திருவிடந்தைப் பக்கம் மட்டும் போகமாட்டான். தன்னைக் கண்டால் வெட்டுவேன் என்று கலைவாணன் சொல்லிக்கொண்டிருப்பது அவனுக்கும் தெரியும். வேன் அங்கே போகிற நாளில் வேறு டிரைவர் வருவார்.

போன வருஷம் தை மாதம் புதுப் பெட்டி ஒன்று வந்தது. கல்லீரலைச் சத்தமில்லாமல் தின்கிற ஒரு காமாலைக் கிருமிக்கான பட்டை. முதல் முகாம் சதுரங்கப்பட்டினத்தில். வழக்கம்போல தர்மராஜ் உட்கார்ந்தான், விரலை நீட்டினான், பட்டையை வேனின் மூக்கில் வைத்தாயிற்று. கல்பாக்கம் ஊழியர் பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. வரிசையில் நாற்பது பேர் இருந்தார்கள்.

"இன்னாபா இது, டிரைவருக்கு ரெண்டு கீது!"

முன்னால் நின்றவன் குனிந்து பார்த்துக் கத்தினான். அடுத்தவன் எட்டிப் பார்த்தான். யாரோ சிரித்தார்கள். தர்மராஜுக்கு என்ன நடந்ததென்று புரிவதற்குள் அவன் கைக்குப் புரிந்துவிட்டது. சிரித்தவனின் கழுத்தைப் பிடித்து வேன் கதவோடு அறைந்தான். அவன் பல் ஒன்று உடைந்து உதடு கிழிந்தது. வரிசை கலைந்து ஓடியது. ஸ்டூலைத் தூக்கி எறிந்ததில் வேனின் முகப்பு விளக்கு நொறுங்கியது. ஷபானா நடுவில் வந்து நின்றிராவிட்டால் அன்றைக்கே இன்னொரு நாலு வருஷம் எழுதியிருக்கும்.

"உள்ள ஏறுங்கண்ணே. ஒரு வார்த்த பேசாம உள்ள ஏறுங்க."

ஏறினான். அவனைப் பெஞ்சில் உட்கார வைத்து, அவள் பட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். அவனுடைய பட்டையை இப்படித் திறந்து வைத்தது தன் தப்பு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இது கிருமி இல்லண்ணே. ஆன்டிபாடி. கிருமி உள்ள வந்தா அதோட சண்ட போட ரத்தம் எறக்கி விடுற ஆளுங்க. அந்த ஆளுங்க நிக்கறத மட்டுந்தான் இந்தப் பேப்பர் காட்டும்."

"அடியாளுங்க மாதிரியா?"

"அப்படித்தான் வச்சிக்கோங்க. சண்ட முடிஞ்சாலும் திரும்பிப் போக மாட்டாங்க. கிருமி இன்னும் இருக்கா, இல்ல ஒடம்பே தொரத்திடுச்சான்னு இதுல தெரியாது. குழாய்ல ரத்தம் எடுத்து செங்கல்பட்டுக்கு அனுப்பணும். பத்து நாள் ஆகும். இருந்தாலும் பயமில்ல, மூணு மாசம் மாத்திர, போயிடும். ஆனா இந்தக் கோடு மட்டும் போகாது. சாகற வரைக்கும் எப்ப பாத்தாலும் விழும்."

"எப்டி வந்துச்சு மேடம்?"

"ரத்தத்தோட ரத்தம் கலந்தாத்தான். ஊசி, பிளேடு." அவள் கழுகைக் காட்டினாள். "இது எங்க குத்தினது? இதுவே போதுமே." பிறகு விரலை ஆட்டிச் சொன்னாள்: "ரிசல்ட் வர்ற வரைக்கும் உங்க ரத்தம் யார் மேலயும் படக்கூடாது. ஷேவிங் பிளேடுகூட யாருக்கும் குடுக்காதீங்க."

அவன் கழுகைப் பார்க்கவில்லை. வலது உள்ளங்கையில் குறுக்கே ஓடிய தழும்பைத்தான் பார்த்தான். அடிதடிக்காரனுக்கு உடம்பில் என்ன வந்தாலும் அடிதடியில் வந்ததாகத்தான் தோன்றும். ஒரே கத்தி, முதலில் தன் ரத்தம், அதோடு கலைவாணனின் வயிறு. அப்படியென்றால் அவனுக்கும் இருக்கும்.

மூன்று நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. குத்தினோம், நாலு வருஷம் இருந்தோம், கணக்கு தீர்ந்தது என்று எண்ணியிருந்தான். தீரவில்லை. கலைவாணனின் கல்லீரலில் அந்தக் கத்தி பன்னிரண்டு வருஷமாகத் திருகிக்கொண்டே இருக்கிறது, அதுவும் இவன் கை இல்லாமலே. வாழ்க்கையில் முதல்முறையாகத் தர்மராஜுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. சொல்லாமல் விட்டால் கலைவாணன் வயிறு ஊதிச் சாவான். வேறு யாரையாவது அனுப்பிச் சொல்ல அவனுக்குத் தோன்றவே இல்லை. எந்த வேலைக்கும் நேரில் போய் நின்றே பழகியவன்.

நாலாம் நாள் காலை, பெட்டியிலிருந்து ஒரு பட்டை, ஒரு ஊசி, மருந்துத் தண்ணிப் புட்டி, ஸ்பிரிட் பஞ்சு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டினான். முக்கியமான பொருளை அவன் எப்போதும் வைக்கிற இடத்தில், லுங்கிக்குள் இடுப்பில் செருகிக்கொண்டான். பஸ் ஏறித் திருவிடந்தையில் இறங்கினான்.

கலைவாணன் சாலையோரம் இளநீர்க் கடை வைத்திருந்தான். பாதி குனிந்த வாக்கில் அருவாளோடு நின்று ஒரு காயைச் சீவிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி ஆராயி ஸ்ட்ராவை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தாள். பைக்கில் வந்த இரண்டு பேர் குடிக்கக் காத்திருந்தார்கள். தர்மராஜ் பத்தடி தள்ளி நின்றான்.

"மச்சான்" என்றான்.

கலைவாணன் நிமிர முயன்றான். சீவிய காய் கையிலிருந்து உருண்டது.

"யார்ரா மச்சான்? இன்னாத்துக்குடா வந்துகீற?"

"ஒரு விசயம் கீது. இத்தப் பாத்துட்டுப் பேசு" என்று தர்மராஜ் கையை இடுப்புக்குக் கொண்டுபோனான்.

இடுப்புக்குக் கை போனால் என்ன அர்த்தம் என்பது அந்தத் தொழிலில் இருந்த இரண்டு பேருக்கும் தெரியும். ஒருவன் மறந்துவிட்டான், இன்னொருவன் மறக்கவில்லை. அருவாள் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. தர்மராஜ் முன்கையை உயர்த்தினான். கழுகின் கழுத்தில் இறங்கிய வெட்டு அதன் வால் வரைக்கும் தோலை விரித்தது. பைக்கில் வந்தவர்கள் காசு வைக்காமல் ஓடினார்கள். இரண்டாவது வீச்சு தலைக்கு வந்தது. தர்மராஜ் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். இருவரும் மட்டைக் குவியலில் விழுந்தார்கள்.

விழுந்ததும் எட்டு வருஷச் சத்தியம் எங்கே போனதென்று தெரியவில்லை. தர்மராஜ் நெற்றியால் கலைவாணனின் மூக்கில் இடித்தான். எலும்பு நொறுங்கிய சத்தம் இருவருக்கும் கேட்டது. கலைவாணன் அவன் காதைக் கவ்வி இழுத்தான். தர்மராஜ் முழங்காலை அந்தப் பழைய தழும்பின்மேலேயே வைத்து அழுத்தினான். எங்கே வலிக்கும் என்று அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். அருவாள் இரண்டு பேர் கைக்கும் நடுவில் வழுக்கியது. பிடுங்கும்போது அதன் முனை கலைவாணனின் இடது உள்ளங்கை முழுவதையும் உழுதுகொண்டு வந்தது. இப்போது அருவாள் தர்மராஜிடம். ஓங்கினான். சத்தியமாக ஓங்கினான்.

ஆராயி ஒரு முழு இளநீரை இரண்டு கையாலும் தூக்கி அவன் பின்மண்டையில் போட்டாள்.

அவன் மல்லாந்து கிடந்தபோது மட்டைகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் பை பிரிந்து கிடந்தது. ஆராயி அருவாளைக் காலால் தள்ளிவிட்டுப் பையை எடுத்தாள். கத்தியைத் தேடியவள் கையில் பஞ்சு வந்தது.

"யோவ், இன்னாயா இது? ஊசியா? எதுக்குயா ஊசி எடுத்தாந்த?"

வாயில் மண்ணும் ரத்தமுமாக அவன் சொன்னான். கோடு, கிருமி, கல்லீரல், பன்னிரண்டு வருஷத்துக் கத்தி. முன்னுக்குப் பின் முரணாகத்தான் சொன்னான். ஆனால் ஆராயிக்குப் புரிந்தது. அவளுடைய அண்ணன் வயிறு ஊதிச் செத்தவன்.

"கைய நீட்டு" என்றாள் புருஷனிடம்.

"இவன் கையாலயா? போடி."

"நீட்டுன்னா நீட்டு! செத்துட்டா யாரு எனக்கு?"

கலைவாணன் மூக்கைப் பொத்திக்கொண்டு யோசித்தான். பிறகு, "குத்துடா. உனக்குத்தான் குத்தத் தெரியுமே" என்று வலது கையை நீட்டினான். இடது கை ரத்தத்தில் தன் ரத்தமும் கலந்திருக்கும், அதில் பார்க்கக்கூடாது என்ற அளவுக்குத் தர்மராஜுக்கு ஷபானாவிடம் பாடம் ஏறியிருந்தது; அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை. வலது கையை முழங்கை வரை கழுவச் சொன்னான். தன் வெட்டைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டான். மோதிர விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தான். குத்தினான். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு மருந்துத் தண்ணி. ஆராயி போனில் மணி பார்த்தாள்.

மூன்று பேரும் பட்டையைச் சுற்றிக் குந்தினார்கள். கார்கள் மெதுவாகிப் பார்த்துவிட்டுப் போயின. ஒற்றைக் கோடு விழுந்தது. கீழே வெள்ளைதான். ஆராயி பட்டையைச் சாய்த்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். இருபதாவது நிமிஷமும் ஒன்றுதான்.

"இல்ல மச்சான். உனக்கு இல்ல" என்றான் தர்மராஜ். அவன் தேம்பி அழுதான். அவ்வளவு பெரிய ஆள் அழுவதைப் பார்க்க நன்றாக இல்லை.

கலைவாணன் உடைந்த மூக்கோடு சிரித்தான். "என் ரத்தம் சுத்தம்டா. உன்ன மாதிரியா? பன்னெண்டு வருசம் கழிச்சு வந்து ஆள பேஜார் பண்ணிகினு." அருவாளைக் கழுவ ஆராயி சொம்போடு குனிந்தாள்.

அப்போதுதான் தர்மராஜ் அதைப் பார்த்தான். அலகு முழுக்கச் சிவப்பு. முதலில் தன் கையை வெட்டியது, அந்த ஈரத்தோடே கலைவாணனின் உள்ளங்கையை உழுதது. யார் மேலயும் படக்கூடாது என்று விரலை ஆட்டிச் சொன்ன முகம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அந்தக் கத்தியில் ஒன்றுமே இல்லை. இன்றைக்கு இருக்கிறது. இவனே பஸ் ஏறிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான்.

வாயை மூடிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். பாதி எழுந்தும்விட்டான். பிறகு உட்கார்ந்தான்.

"மச்சான், கைய சோப்புப் போட்டுக் கழுவு. நெறய தண்ணி ஊத்து. இப்ப பட்டிருந்தா இந்தப் பட்ட காட்டாது. மூணு மாசம் ஆவும்."

ஆராயிக்கு முதலில் புரிந்தது. சொம்பை அப்படியே அவன் முகத்தில் எறிந்தாள். அது நெற்றியைப் பிளந்தது. "நல்லா இருந்த மனுசன்யா! நல்லா இருந்தான்யா இன்னிக்குக் காலைல வரைக்கும்!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். கலைவாணன் காலால் ஒரு உதை விட்டான், தர்மராஜின் விலாவில், பழைய பாக்கிக்கு. தர்மராஜ் தடுக்கவில்லை.

கையில் பதினேழு தையல். தகரக் கூரையிலிருந்து விழுந்ததாகச் சொன்னான். போலீஸுக்கு யாரும் போகவில்லை. ஷபானாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னான். அவள் கேட்டு முடித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பத்து நாள்தானே அண்ணே சொன்னேன். பத்தே பத்து நாள்." ரிசல்ட் வந்தது. கிருமி இருக்கிறது, நிறைய. கழுகு குத்திய ஊசிதான் என்று அவள் திரும்பவும் சொன்னபோது இந்த முறை காதில் விழுந்தது. கத்தியைத் தொடமாட்டேன் என்ற சத்தியத்தோடு உள்ளே வந்த கிருமி.

எண்பத்து நாலு மாத்திரை. ஒரு நாளும் விடாமல் போட்டான். கலைவாணனைச் செங்கல்பட்டுக்கு வரச்சொல்லி ஷபானா எத்தனையோ முறை போன் செய்தாள். ஆராயி எடுப்பாள், திட்டுவாள், வைத்துவிடுவாள்.

அந்த அடிதடிக்குப் பிறகு பதினைந்தாவது வாரம் வேன் திருவிடந்தைக்குப் போனது. தர்மராஜே ஓட்டிக்கொண்டு போனான். வரிசை சேரும் முன்பே கலைவாணன் குனிந்த நடையில் வந்து நின்றான். பின்னால் ஆராயி.

"நீ குட்ரா மொதல்ல" என்றான்.

தர்மராஜ் விரலை நீட்டினான். அப்புறம் கலைவாணன் நீட்டினான். ஷபானா கதவைச் சாத்தி, இரண்டு பட்டைகளையும் மேஜைமேல் பக்கம் பக்கமாக வைத்தாள். தர்மராஜின் பட்டையில் உடனே இரண்டு கோடு விழுந்தது. கிருமி செத்தும் அந்த ஆட்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். பக்கத்துப் பட்டையில் ஒன்று விழுந்தது. ஆராயி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். பன்னிரண்டாவது நிமிஷம் கீழே வெள்ளையில் ஒரு நிழல் தட்டியது. பதினைந்தாவது நிமிஷம் அது கோடு. இருபதில் இரண்டு பட்டைகளும் ஒரே மாதிரி இருந்தன. எது யாருடையது என்று ஷபானா பேனாவால் எழுதியிருந்ததால்தான் தெரிந்தது.

"மாத்திரையில கிருமி போயிடும்" என்றாள் ஷபானா, ஆராயியைப் பார்த்து.

"கோடு?" என்று கேட்டான் கலைவாணன்.

தர்மராஜ் சொன்னான்: "போவாது மச்சான். சாவற வரைக்கும் நிக்கும்."

கலைவாணன் எழுந்தான். தன் தழும்பு விழுந்த இடது கையாலேயே அவனை ஓங்கி அறைந்தான். வேன் குலுங்கியது. தர்மராஜின் தலை கதவில் மோதி உதடு கிழிந்தது. அவன் கை மடியைவிட்டு எழவில்லை. கிழிந்த உதட்டிலிருந்து ஒரு சொட்டும் கீழே விழுந்துவிடாமல் தன் சட்டையை வைத்து அழுத்திக்கொண்டான்.

கலைவாணன் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப உட்கார்ந்தான். குழாயில் ரத்தம் எடுக்க ஷபானாவிடம் கையை நீட்டினான். ஊசி இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மாத்திர கசக்குமாடா?" என்று கேட்டான்.

"கசக்காது. ஆனா ஒரு நாளும் உடக்கூடாது" என்றான் தர்மராஜ்.